சாவு வீட்டில் மடவைக் குஞ்சுகள்

பட்டினப்பாக்கம் குடியிருப்பில் மதியம் மின்சாரம் போனதும் ஜான்சனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மறுநாள் அடையாறு முகத்துவாரத்தில் கொடுவா மீன் பிடிப்பதற்காக, தூண்டிலில் உயிரோடு மாட்ட ஒரு வாளி மடவை மீன் குஞ்சுகளைப் பிடித்து வைத்திருந்தான். காற்று விடும் சின்ன மோட்டார் நின்றதும் அவை மேலே வந்து வாயைப் பிளந்தன. செத்த இரையைக் கொடுவா திரும்பிக்கூடப் பார்க்காது.

"ஜெசிந்தா, டம்ளரால மொண்டு மொண்டு ஊத்து!"

"நான் இன்னா மிஷினா? கை கயண்டுடும்யா," என்றாள் மனைவி.

எதிர்வீட்டில் மட்டும் ஜெனரேட்டர் ஓடியது. காலையில் இறந்துபோன பஞ்சாட்சரத்தை அங்கே ஃப்ரீசர் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஜான்சன் வாளியைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு போனான். கும்பிட்டான். கும்பிட்ட வாக்கிலேயே குனிந்து, பெட்டிக்குப் பின்னால் வாளியை வைத்து, மோட்டார் ஒயரை அங்கிருந்த பிளக்கில் சொருகினான்.

குளுகுளுவென்று சத்தம் கிளம்பியது. ஒப்பாரி சட்டென்று நின்றது.

"ஐயோ, அண்ணன் மூச்சு வுடுது!" என்று இறந்தவரின் தங்கை காவேரி அலறினாள்.

"பொட்டி சத்தம்க்கா அது," என்றான் ஜான்சன். ஒப்பாரி தொடர்ந்தது.

சாயங்காலம் பாடைக்குத் தோள் கொடுக்க அவனையும் இழுத்துக்கொண்டார்கள். வாளியைப் பற்றி அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது? பிணம் தெருமுனையைத் தாண்டியதும் வீடு கழுவ வந்த பெண்கள், கைக்குக் கிடைத்த அந்த வாளியைக் கூடத்தில் கவிழ்த்தார்கள்.

மீன்கள் துள்ளின. காவேரி நாற்காலிமேல் ஏறிவிட்டாள். மூலையில் சுருண்டு கிடந்த பஞ்சாட்சரத்தின் மனைவி முத்தம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிறீங்க? புடிங்கடி! இந்த வூட்ல ஒரு சாவு போதும்!"

அழுது சிவந்த கண்களோடு அத்தனை பேரும் தரையில் தவழ்ந்தார்கள். சத்தம் கேட்ட ஜெசிந்தா, கேனில் மிச்சமிருந்த ஆற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

சுடுகாட்டிலிருந்து ஜான்சன் திரும்பியபோது மின்சாரம் வந்திருந்தது. முத்தம்மா வீட்டுக் கூடத்திலேயே வாளியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்குமேல் மீன்கள் பிழைத்திருந்தன. பக்கத்திலேயே முத்தம்மா உட்கார்ந்திருந்தாள்.

"தப்புதான் அத்தை, மன்னிச்சுக்கோ."

"அது கெடக்குது வுடு. கொடுவா மாட்டுமா?"

"மாட்டும். தலை உனுக்குத்தான்."

"வாணாம் நைனா. காரியம் முடியிற வரிக்கும் நாங்க கவுச்சி தொடக்கூடாது," என்றவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உம் பொண்டாட்டிய கதவ சாத்திக்கினு கொயம்பு வெக்கச் சொல்லு. வாசனைய நான் தாங்க மாட்டேன்."