வியாழக்கிழமை மாட்டுவால்

மெம்பிஸ் நகரத்து ஆரஞ்ச் மவுண்டில் வியாழக்கிழமை என்றால் மாட்டுவால்தான். லுவெல்லா சாப்பாட்டுக் கடை போட்டு நாற்பத்தொரு வருஷத்தில் அது மாறியதே இல்லை. திங்கள் கோழி, செவ்வாய் கழுத்தெலும்பு, புதன் ஈரல், வெள்ளி மீன். ஊரே வெள்ளத்தில் போனாலும் வியாழன் மதியம் வாசலில் வரிசை நிற்கும்.

அந்த வரிசையில் தன் தம்பி ரோஸ்கோ நிற்பதைப் பார்த்ததும் லுவெல்லா கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள். ரோஸ்கோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி, பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்க வேண்டியவன். இங்கே என்ன வேலை இவனுக்கு?

ஒரு தடவை தவறினால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குத் தெரியுமா என்ன? ஆளைப் பார்த்ததும் கும்மாளம்தான்.

"அடேயப்பா, வியாழக்கிழமையில ரோஸ்கோவா! மெஷினு இன்னிக்கு லீவா?" என்று கத்தினார் சபை மூப்பர் ப்ரூயிட். பெரிய மேஜையின் தலைப்பக்க நாற்காலி அவருடையது.

"மெஷினுக்கு நான் லீவு குடுத்துட்டேன் மூப்பரே."

மேஜையே சிரித்தது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஐனெஸ் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தாள். ரோஸ்கோ மூச்சு வாங்க உட்கார்ந்தான். கால் வீங்கி, ஷூவின் நாடா கட்டாமல் தொங்கியது. அதை லுவெல்லா மட்டும் பார்த்தாள்.

பேசாமல் உள்ளே போய் அவனுக்கென்று எப்போதும் வைத்திருக்கும் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவனுக்கு ஆகாத சத்தெல்லாம் இறங்க இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்த முட்டைக்கோஸ், வெறும் சோறு, தோல் உரித்த கோழி. உப்பு என்ற பேச்சே கிடையாது.

"இத உன் பின்வாசல் பூனைக்குப் போடுக்கா. அதுகூட உன்னத் திட்டும்."

"வாய மூடிட்டுத் தின்னுடா. இன்னிக்கு ஏன் போகல நீ?"

"மாட்டுவால் வாசனை அங்கவரைக்கும் வந்துச்சு."

திரும்பவும் சிரிப்பு. லுவெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைபேசியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய், அடுப்பின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு டயாலிசிஸ் நிலையத்துக்குப் பேசினாள்.

"மூணு மணிக்கு ஒரு நாற்காலி குடுங்கம்மா. நானே இழுத்துட்டு வரேன்."

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "அவர் இன்னும் உங்ககிட்டச் சொல்லலையா? திங்கக்கிழமையே வந்து, இனிமே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டார்மா. டாக்டர் ஒரு மணி நேரம் பேசிப் பாத்தாச்சு. புத்தித் தெளிவோடதான் சொல்றார். நாங்க கட்டாயப்படுத்த முடியாது. அவரா மனசு மாறினா எப்ப வேணா வரலாம்."

"வரலைன்னா?"

"ஒரு வாரம். மிஞ்சினா பத்து நாள். சனிக்கிழமைதான் கடைசியா வந்தார்."

சனியிலிருந்து விரல்விட்டு எண்ணினாள்; பத்தாவது விரல் அடுத்த செவ்வாயில் நின்றது. எண்ணாமலே இருந்திருக்கலாம், பாவி.

வெளியே வந்தால் ரோஸ்கோவின் தட்டில் முட்டைக்கோஸ் தெரியவில்லை. மூப்பர் தன் மாட்டுவாலில் ஒரு துண்டு, ஐனெஸ் பன்றிக்கால் போட்ட கீரையும் சர்க்கரைவள்ளியும், பின்மேஜைக்காரன் பாலாடைக்கட்டி மக்ரோனி என்று ஆளுக்கொரு கரண்டி அள்ளிவைத்திருந்தார்கள். இந்தக் கடையில் ஒருத்தன் தட்டு வெறிச்சென்றிருந்தால் அவர்களுக்குத் தொண்டையில் இறங்காது.

"எடுங்க எல்லாத்தையும்! கொல்லப் பாக்குறீங்களா அவன?"

அள்ளிய கரண்டிகள் பாதியில் நின்றன. "ஒரு நாள்தானே லுவெல்லா, ஆசப்படறான்," என்றாள் ஐனெஸ் பரிதாபமாக.

லுவெல்லா அவன் தோளைப் பிடித்துக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "நர்ஸ்கிட்டப் பேசிட்டேன்டா. எந்திரி. உன் கால்ல விழறேன், எந்திரிச்சு வா."

"மூணு வருஷம் உனக்காகத்தான்க்கா போனேன்," என்றான் அவனும் மெதுவாக. "அந்த நாற்காலில படுத்து எந்திரிச்சா மறுநாள் முழுக்க நான் செத்தவன். முடியலக்கா. இவங்ககிட்டச் சொல்லிடாத. அழுது ஊரைக் கூட்டிடுவாங்க. கொஞ்சம் சிரிச்சிட்டுப் போறேனே."

நாற்பத்தொரு வருஷமாக இந்தக் கடையில் அவள் சொன்னதுதான் சட்டம். போன வருஷம் இவனே கெஞ்சினான். அக்கா, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மாட்டுவால் போடேன், எலும்பையாவது சப்பிக்கிறேன் என்று. வியாழன்னா வியாழன்தான், உனக்கு ஆகவும் ஆகாது என்று விரட்டிவிட்டாள். அந்தத் திமிரை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய், புதுத் தட்டில் சட்டியின் அடியில் கிடந்த கொழுத்த வால் துண்டுகளாக நான்கு வைத்து, கொழகொழவென்று குழம்பு ஊற்றிச் சோளரொட்டியோடு கொண்டுவந்தாள். கூட்ட நேரத்தில் உட்காராதவள் அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் எலும்பை உறிஞ்சினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"உப்பு சரியா இருக்காடா?"

"அக்கா, தெய்வமே!"

"அப்ப இனிமே வியாழனுக்கு வியாழன் இந்த நாற்காலி உனக்குத்தான்," என்றாள் ஐனெஸ், நிம்மதியாக.

ரோஸ்கோ தலையாட்டிவிட்டு அக்காவைப் பார்த்தான். "நாளைக்கு மீன், இல்லக்கா?"

"மீனு."

"திங்கக்கெழம கோழி." "செவ்வாய்..." என்றபோது அவன் குரல் இறங்கியது. அதற்கு மேல் சொல்லாமல் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தான்.

லுவெல்லா எழுந்து போனாள். வாசலருகே வாரச் சாப்பாடு எழுதிய பலகை இருந்தது. இடுப்பில் கட்டிய சமையல் துணியால் மீனைத் துடைத்துவிட்டு மாட்டுவால் என்று எழுதினாள். கோழியையும் துடைத்தாள். கழுத்தெலும்பையும், ஈரலையும் துடைத்து, எல்லா நாளுக்கும் அதையே எழுதினாள்.

"வாரம் பூராவும் மாட்டுவாலா!" என்று மூப்பர் மேஜையைத் தட்டினார். "ரோஸ்கோ, நீ வந்த ராசி பாருய்யா!"

கடை முழுக்கக் கைதட்டினார்கள். ரோஸ்கோவும் தட்டினான். லுவெல்லா பலகையைப் பார்த்தபடியே நின்றாள், திரும்பினால் முகத்தைப் பார்த்துவிடுவார்கள்.