மடுவத்துப் பிள்ளைகள்

வெள்ளைத் துணியைக் கிழித்து மூங்கில் குச்சியின் நுனியில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார் வேலுசாமி. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அவருடைய தங்கை கிருஷ்ணகுமாரியைக் குளிப்பாட்டி, நீலச் சேலை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். தப்பு அடிக்கிறவர்கள் தேயிலை ஓரத்தில் சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"என்னா மச்சான், பந்தம் ரெண்டு போதுமே. இத்தன எதுக்கு?"

கேட்டவர் ராமச்சந்திரன், கிருஷ்ணகுமாரியின் புருஷனுக்குத் தம்பி. பலாங்கொடையில் வாத்தியார். தன் பேரன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு காலையில் வேனில் வந்து இறங்கியிருந்தார். நெய்ப்பந்தம் பேரப்பிள்ளைகள் பிடிக்கவேண்டியது. கிருஷ்ணகுமாரிக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் செத்துப் பல வருஷமாகிறது. அப்படிப்பட்டவளுக்குப் பங்காளி வீட்டுப் பேரன்கள்தான் பிடிப்பார்கள். வேலுசாமிக்குத் தெரியாத முறையா? கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து நின்ற பிறகும், யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முறை கேட்டு ஆள் வருவது அவரிடம்தான்.

"ரெண்டு பத்தாது. மடுவத்துப் புள்ளைங்க வருதுங்க" என்றார் தலை நிமிராமல்.

கீழ் டிவிசனில் கொழுந்து நிறுக்கிற பழைய மடுவம் பாழாய்க் கிடந்தது. அதைக் கூட்டி மெழுகி, பெரிய பள்ளிக்கூடத்தில் நிற்காமல் ஓடிவந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டாள் கிருஷ்ணகுமாரி. அங்கே மணி கிடையாது, பிரம்பு கிடையாது. "சாப்ட்டியா? தூங்குனியா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுத்தைப் பற்றிப் பேசுவாள். தூங்காத பிள்ளைக்குப் பாய் விரிப்பாள். உடைந்த ரேடியோவைப் பிரித்துப் போடுகிறவனுக்கு அதை வைத்தே கணக்கு. பாட்டுக் கட்டுகிறவளுக்குப் பாட்டிலேயே வாசிப்பு. ஊர் அதற்கு வைத்த பெயர் 'மோட இஸ்கோல'. மக்குப் பள்ளிக்கூடம் என்பதைச் சிங்களத்தில் சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிப்பு வரும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

ராமச்சந்திரனும் சிரித்தார். "மோட இஸ்கோலப் புள்ளைங்களா? எந்தெந்த லயத்துப் புள்ளைங்களோ, என்னா என்னா சாதியோ. அதுங்க எப்புடி மச்சான் பேரப்புள்ளையாகும்?"

"என் வாசல்ல நின்னுகிட்டு அந்தப் பேரச் சொல்லாதீங்க."

"ஊரே சொல்லுது."

"ஊரு அவுங்கவுங்க வாசல்ல சொல்லட்டும்."

ராமச்சந்திரனின் முகம் கறுத்தது. "சரி. அப்ப காட்டுல குழிக்கு மண்ணு தள்ள எங்க வீட்டு ஆம்பள வரமாட்டான். யோசிச்சுக்குங்க."

"மண்ணு தள்ள எனக்குக் கை இருக்கு."

வேலுசாமியின் மனைவி கருப்பாயி உள்ளேயிருந்து வந்து அவர் காதருகே குனிந்தாள். "என்னாங்க இது? சம்பந்தக்காரங்கள முறுக்கிக்கிட்டா நாளைக்கு நம்ம வீட்டுல ஒண்ணுன்னா யாரு வருவா?"

"அவ காய்ச்சல்ல கெடந்த மூணு மாசமும் யாரு வந்தா?"

கருப்பாயி சுவரோரம் இருந்த நெய்ச் சட்டியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் குறுக்குப் பாதையில் வரிசை இல்லாமல் வந்தார்கள். சீருடை கிடையாது; இருந்ததில் நல்லதாக ஒன்றை உடுத்தியிருந்தார்கள். முன்னால் பிரதீபன், அவன் பின்னால் ஷாமிளா. கடைசியாகச் சந்தியில் கடை வைத்திருக்கும் தாஸிம், மகள் ஷஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

"கணக்கப்பிள்ள, மகள் பந்தம் புடிக்க மாட்டா. எங்க மார்க்கத்துல இல்ல" என்றார் தாஸிம். "ஆனா டீச்சரோட கடைசி வரைக்கும் நடக்கணும்னு நிக்கிறா."

"நடக்கட்டும்."

"பொம்பளப் புள்ள காட்டுக்கா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. வேலுசாமி திரும்பினார். கேட்டது யார் என்று எவரும் காட்டிக்கொள்ளவில்லை.

பந்தங்களைக் கொளுத்தி ஒவ்வொரு கையிலும் கொடுத்தார். தப்பு முழங்கியது. கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் அந்தப் பிள்ளைகள் நெருப்போடு நின்றதைப் பார்த்துப் பெண்கள் ஒப்பாரியைக்கூட ஒரு நிமிஷம் மறந்தார்கள். பிரதீபன் காலெடுத்து வைத்தான். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள்.

வலப்பக்கமாகப் போனார்கள்.

சாமியைத்தான் வலமாகச் சுற்றுவது. சவத்தை இடப்பக்கமாகச் சுற்றவேண்டும். சாவுக்குப் பந்தம் பிடித்துப் பழகாத பிள்ளைகள், மாரியம்மன் கோயிலில் சுற்றுவதுபோலவே புறப்பட்டுவிட்டார்கள். கூட்டம் 'ஐயையோ' என்றது. தப்பு தடுமாறி நின்றது.

"பாத்தீங்களா?" ராமச்சந்திரனின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது. "எது எந்தப் பக்கம்னுகூடத் தெரியல. இதத்தான் ஒங்க தங்கச்சி இத்தன வருஷமா சொல்லிக்குடுத்தா."

வேலுசாமி 'நில்லு' என்று சொல்ல வாயெடுத்திருந்தார். அவர் வாசலில் இதுவரை ஒரு முறையும் பிசகியதில்லை.

பிள்ளைகள் தாங்களாகவே நின்றார்கள். ஆனால் ஒருவரும் தலையைக் குனியவில்லை. பந்தத்தை முகத்துக்கு எட்டாமல் தூக்கிப் பிடித்தபடி ஷாமிளா வேலுசாமியைப் பார்த்தாள். பெரிய பள்ளிக்கூடத்தில் சார் பெயரென்ன என்று கேட்டாலே பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட பிள்ளை அவள்.

"தப்பாப் போறோமாங்க தாத்தா?" என்று இத்தனை பேருக்கு நடுவில் சத்தமாகக் கேட்டாள். "எந்தப் பக்கம் போகணும்? சொல்லுங்க, மாத்திக்கிறோம்."

வேலுசாமி அவளைப் பார்த்தார். பிறகு ராமச்சந்திரனைப் பார்த்தார். அந்த மனிதரின் உதட்டில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"தப்பில்ல ஆயி" என்றார். "நீங்க போற பக்கமே போங்க."

"மச்சான்!"

வேலுசாமி தோளிலிருந்த துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். மிச்சமிருந்த பந்தத்தைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றார். "என்னாப்பா, கை வலிக்குதா?" என்று தப்பு அடிக்கிறவர்களைப் பார்த்து அதட்டினார். தப்பு மறுபடி முழங்கியது. முதுகு வளையாமல், தன் தங்கையை அந்தப் பிள்ளைகளோடு மூன்று முறை வலம் வந்தார்.

பாடை றோட்டுக்கு ஏறியபோது வேன் புறப்படுகிற சத்தம் கேட்டது. பின்னால் யார் வருகிறார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

றோடு திரும்பும் முடக்கில் றக்வானை பஸ் இறங்கி வந்தது. டிரைவர் மலையோடு ஒட்டி நிறுத்தி எஞ்சினை அணைத்தார். வழி குறுகிப்போய்ப் பாடை போகிற அகலம்தான் இருந்தது. அதற்கப்பால் செங்குத்தான பள்ளம். வேலுசாமி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஷாமிளாவையும் ஷஸ்னாவையும் தோளில் தொட்டு பஸ்ஸின் பக்கமாக ஒதுக்கிவிட்டு, தான் பள்ளத்து ஓரமாக, ஈரப் புல்லில் கால் ஊன்றி நடந்தார்.