கைமாறிய வேண்டுதல்

ஒரு மனைவியின் உயிருக்காகக் கடல்வரை நடக்கும் வேண்டுதலுக்கு விலை முப்பத்தாறாயிரம் என்று, மூன்றாம் நாள் காலையில், கால் கொப்புளத்தை ஊசியால் குத்திக்கொண்டே ஜவுளிக்கடை முதலாளி முடிவுசெய்தார். மனைவி அவருடையவள் அல்ல. அதனால்தான் விலை சொல்ல வாய் வந்தது.

அவள் கஜத்தின் மனைவி. கஜம் என்பது பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடமாக அதே கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவர். வெள்ளிக்கிழமைக்குள் அறுவைக்கு முப்பத்தாறாயிரம் முன்பணம் கட்டாவிட்டால் கட்டில் அடுத்த ஆளுக்கு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முதலாளியிடம் கடன் கேட்டார். "நடந்துகிட்டே பேசலாம்" என்று பையைத் தூக்கச் சொன்னார் முதலாளி. அவருக்கும் கடலிடம் வேலை இருந்தது. துறைமுகத்தில் அவருடைய துணி இரண்டு கண்டெய்னரில் சிக்கிக் கிடந்தது.

வேண்டுதல்காரர்கள் கடல்வரை நடக்கும் ஆறு நாள் பாதை அது. கடைசியில் கடலில் முழங்கால் அளவு இறங்கி, ஆளுக்கு ஒரே ஒரு வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லலாம். நடுவில் ஓரடி வண்டியில் ஏறினாலும் அது செல்லாது.

"என் காலு இனிமே ஆகாது. உன் நடையை எனக்குக் குடுத்துரு" என்றார் முதலாளி.

"அம்பது குடுங்க மொதலாளி."

"அம்பதா? உன் பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியே முப்பத்தாறுதான் விலை போட்டிருக்கு. அதுக்கு மேல நான் எப்படிய்யா ஏத்துறது?"

கஜம் சற்றுத் தள்ளிப் போய் வீட்டுக்காரிக்குப் போன் செய்தார்.

"ஏங்க, கடலா வந்து வயித்தைக் கிழிக்கப்போகுது? டாக்டர்தானே? வித்துட்டு வாங்க."

"உன் பேரை விக்கிறேனேடி."

"இத்தனை வருஷத்துல என் பேருக்கு யாரு பத்து காசு குடுத்தா? முப்பத்தாறுக்குப் போகுதுன்னா உடனே தள்ளிவிடுங்க. அந்த மனுஷன் மனசு மாறிடப்போறாரு."

சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும். நடுவில் விழுந்த இடைவெளி போனில் கேட்டது.

பேரம் முடிந்தது. கடலில் சொல்லிவிட்டுக் கரையேறியதும் பணம்.

அதன்பிறகு முதலாளி வாடகைக் காரில் வந்தார். பாதை சாலையை ஒட்டும் இடத்திலெல்லாம் கண்ணாடியை இறக்கி, "என்னய்யா, பொண்ணு பாக்கவா போற? எட்டிப் போடு!" என்று குரல் கொடுத்தார். ஐந்தாம் நாள் கஜத்தின் கால் கட்டைவிரல் நகம் கழன்று செருப்போடு வந்தது. சொல்லவேண்டியதை அடிக்கு ஒரு வார்த்தையாக மனப்பாடம் செய்துகொண்டே நடந்தார்: ரெண்டு கண்டெய்னரும் சீக்கிரம் வெளியே வரணும். அசந்த நேரத்தில் அதன் நடுவே மனைவி பேர் நுழைந்துவிடும். விலை பேசிய பொருளில் கைவைத்த மாதிரி கூசும். நின்று, முதலிலிருந்து தொடங்குவார்.

வியாழக்கிழமை மதியம் கடல் வந்தது. கஜம் இறங்கினார். உப்பு பட்டதும் விரல் நெருப்பாய் எரிந்தது. முதலாளி ஈரம்படாத இடத்தில் நின்று காதில் கைவைத்தார்.

"சத்தமா சொல்லு! கடலுக்கு இல்லைன்னாலும் எனக்குக் கேக்கணும்."

கஜம் சொன்னார். இரண்டு கண்டெய்னர். வேறொன்றும் இல்லை. சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது. அப்போதுதான் பக்கத்தில் வந்து இறங்கிய ஓர் அம்மாள், பெற்ற பிள்ளைக்காக அழுகிறார் என்று நினைத்து, "எல்லாம் நல்லபடியா ஆகும்யா" என்றார்.

கார் பானெட்டின்மேல் வைத்து முதலாளி நோட்டுகளை எண்ணினார். இருபத்துநான்காயிரத்தில் நிறுத்தினார்.

"சரக்கு நாலாம் நாளே வெளிய வந்திருச்சு கஜம். அஞ்சும் ஆறும் எனக்குத் தேவைப்படாத நடை. நாளுக்கு ஆறு, நாலு நாளுக்கு இருபத்துநாலு."

"உங்களுக்கு எப்பத் தெரியும் மொதலாளி?"

"நேத்து சாயங்காலம்."

"அப்பவே சொல்லியிருந்தா நான் அவ பேரைச் சொல்லியிருப்பேனே!"

"சொல்லியிருப்பே. விலை பேசின பொருள் பாதி வழியில திரும்பிப் போனா நான் என்ன வியாபாரி? அதுவும் அடுத்த மாசம் இன்னொரு சரக்கு வருது. கடல் கணக்குல இருக்கட்டும்." அதே மூச்சில் நோட்டுகளைப் பிரித்து எடுத்தார். "சாப்பாடு, படுக்கை ஆயிரத்து அறுநூறு. செருப்பு நான் வாங்கிக் குடுத்தது, தொள்ளாயிரம். ஆறு நாள் கடைக்கு வராத சம்பளம் மூவாயிரம்."

"உங்க பையைத்தானே தூக்கிட்டு வந்தேன்?"

"கடையில தூக்கலையே."

கஜம் திரும்பித் தண்ணீரை நோக்கி நாலடி வைத்தார். கரையில் நடந்து வந்தவர்களின் வேண்டுதல் அட்டையை வாங்கிக்கொண்டு கடலில் இறங்க விடுகிற காவலாள், "பெரியவரே, ஆளுக்கு ஒண்ணுதான். நீங்க சொல்லிட்டீங்க" என்று கையை நீட்டி மறித்தான்.

கார் போய்விட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்று வீட்டுக்குப் போன் செய்தார்.

"பணம் வந்திருச்சாங்க?"

"வந்துச்சு."

"அப்புறம் ஏன் இழுக்கிறீங்க? கணக்கைச் சொல்லுங்க."

சொன்னார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் கூட்டினாள், காய்கறிக்காரனிடம் கூட்டுகிற அதே குரலில். நாலு நாளுக்கு இருபத்துநான்காயிரம். பிடித்தது ஐயாயிரத்து ஐந்நூறு. கையில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. நாளைக்குக் கட்டவேண்டியது முப்பத்தாறாயிரம்.

"குறையுறது பதினேழாயிரத்து ஐந்நூறு" என்றாள். "சரியா பாருங்க."

சரியாகத்தான் இருந்தது.