நடுப்பகலில் சாப்பிடுகிறவர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு டாக்டர் வீட்டு வராந்தா பெஞ்சில். என் எடையைக் குறைக்கத்தான் போயிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் ராஜபாளையத்து வெங்கடேஸ்வரி. கணவர் சங்கிலிப்பாண்டி போன் பேச வெளியே போனதும் குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தாள்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: 'ராஜபாளையத்தில் ஒரு பேய் பகலில் சோறு தின்கிற...' வேண்டாம். பேய் என்று எழுதிவிட்டால் நீங்கள் நிம்மதியாகப் பயந்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

2

சங்கிலிப்பாண்டிக்கு நூல் மில்லில் எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுப்பார். அவள் ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பிவிடுவாள். வெயிலிலும் தெருச் சத்தத்திலும் அவருக்கு அரைத்தூக்கம்தான். தூக்கம் கெட்டால் பசி கூடும், உடம்பு போடும் என்று டாக்டர் எச்சரித்ததும், சாயங்காலம் இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டார். அப்படியும் சட்டைகள் பத்தவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. சோற்றுப்பானை மட்டும் தினமும் காலியானது.

"சத்தியமா நான் தொடலட்டி" என்றார்.

(இங்கே அவரை நீங்கள் சந்தேகப்படும்படி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை.)

3

ஒருநாள் தலைவலி என்று அவள் மத்தியானமே வீடு திரும்பினாள். அவர் அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. இட்லி மாவைப் பச்சையாக அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார். உதட்டில் உட்கார்ந்த ஈயை விரட்டவில்லை.

"என்னங்க?"

முகம் மெல்லத் திரும்பியது. "வந்துட்டியாட்டி? காலு வலிக்கா? செத்த உக்காரு. நீ சாப்ட்டியா?"

அவர் அப்படிக் கேட்டு வருஷக்கணக்காகிறது. அவர் வரும்போது இவள் போவாள். சாவி, பால், கரண்டு பில் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவள் உட்கார்ந்தாள். அவர் பச்சை மாவை ஊட்டினார். விழுங்கினாள். பிறகு போய்ப் படுத்தவர், சாயங்காலம் எழுந்து ஒன்றும் தெரியாமல் தோசை கேட்டார்.

"பயந்துதான் போனேன். ஆனா மறுவாரமும் லீவு போட்டேன். அவிய முழிச்சிருக்கையில எங்கூட அம்புட்டு நேரம் பேசுனதே இல்ல" என்றாள் என்னிடம்.

பிறகு அவருக்காகவே சோறு கூடுதலாக வடித்தாள். கறிக்குழம்பு வைத்தாள். தூங்குகிறவர் அவளோடு பேசினார், சிரித்தார். அவர் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

போன வாரம் அவள் வந்தபோது அடுப்பில் கேஸ் திறந்து கிடந்தது. தீ இல்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

4

பெயர் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள். கதவு முழுசாக மூடவில்லை.

"தூக்கத்துல எந்திரிச்சு சாப்பிடுறீங்களா?" டாக்டர் குரல்.

"இல்ல சார்."

"அது உங்களுக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்கம்மா. தெரிஞ்சா ஷிப்ட்ட மாத்தி, வைத்தியம் பாத்து நிறுத்திரலாம்."

முதல் முடிவு: சொல்லிவிடுகிறாள். அவர் பகல் ஷிப்டுக்கு மாறி நன்றாகத் தூங்குகிறார், இளைக்கிறார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர் அவளிடம் ஒன்றுமே கேட்பதில்லை.

இரண்டாவது முடிவு: "இல்ல சார்" என்கிறாள். மறுநாள் மத்தியானம் அவர் தூக்கத்தில் எழுந்து

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

5

எனக்கு உண்மையில் கேட்டது இவ்வளவுதான். சங்கிலிப்பாண்டியின் குரல், சின்னப்பிள்ளை குரல்போல நடுங்கி வந்தது:

"சொல்லேன்ட்டி. நான் அப்படியா செய்றேன்?"

நாற்காலி நகரும் சத்தம். அவள் தொண்டையைச் செருமினாள். யாரோ கதவைச் சாத்தினார்கள்.

நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். உள்ளே அவள் இடத்தில் இருப்பது நீங்கள்தான்.