இன்று மேனேஜர் முறை

வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார் என்று சொல்ல ஒரு செயலி இருந்தது. அவன் மனைவி எழுதியது. கல்யாணமான புதிதில் இந்த ஒரு விஷயத்துக்காக இருவரும் வேளை தவறாமல் சண்டை போட்டார்கள். ஒருநாள் அவள், இனிமேல் நீங்களும் பேசவேண்டாம், நானும் பேசவேண்டாம், அது பேசட்டும் என்று மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் மாலையில் ஒரு செய்தி வரும். யாருடைய முறை என்று முதலில். கூடவே ஒரு வரி.

அந்த வரிகளையும் அவள்தான் எழுதினாள். பஸ்ஸில், மீட்டிங்கில், அவன் குறட்டை விடும்போது, தோன்றியதையெல்லாம் செயலிக்குள் போட்டு வைப்பாள். அது கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து அனுப்பும். அனுப்பியதைத் திரும்ப அனுப்பாது. 'இன்று சார் முறை. குக்கர் மூடியும் பாத்திரம்தான்.' 'இன்று சார் முறை. ஊறப்போட்டா தேச்சதா அர்த்தம் இல்ல.' வேலைக்குச் சேர்ந்தபோது அவனிடம்தான் பயிற்சி எடுத்தாள் என்பதால் கடைசிவரை அவன் சார். வீட்டை நடத்துவதால் அவள் மேனேஜர்.

மேனேஜர் இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. செயலிக்கு அது தெரியாது. முறை தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அவன் முறை வந்த நாளில் அவன் தேய்த்தான். அவள் முறை வந்த நாளில் தொட்டியைத் தொடமாட்டான். 'இன்று மேனேஜர் முறை. நாளைக்குத் தேச்சுக்கறேன். சார் கண்டுக்காதீங்க.' மறுநாள் இரண்டு நாள் பாத்திரத்தையும் சேர்த்துத் தேய்ப்பான். ஒரு தட்டு இரண்டாகியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னும் எத்தனை வரி மிச்சம் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முடியும். உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரம் அவன் கையில்தான் இருந்தது. பார்க்கவில்லை. பார்த்தால் ஒரே மூச்சில் படித்துவிடுவான். அதற்குப் பிறகு அவள் சொல்ல எதுவும் இருக்காது.

செயலி ஓடியது அலுவலகத்தில். அங்கே அவன் வேலை, பல மெஷின்களைச் சேர்த்துக் கட்டி ஒரே மெஷின்போல ஓடவிடுவது. கிளஸ்டர் என்பார்கள். செயலிகள் தமக்கு வேண்டியதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கன்டெய்னராக வந்து இறங்கும். எதற்கு எந்த மெஷினில் இடம் என்று ஒதுக்குவது ஷெட்யூலர். விடுதி வார்டன் மாதிரி. யாருக்கு எவ்வளவு இடம் வேண்டும், யார் முக்கியம், யாரை வெளியே தள்ளலாம் என்று அதற்குக் கணக்கு உண்டு, தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு கன்டெய்னர் செத்தால் அச்சாக அதேபோல் இன்னொன்றை எழுப்பிவிடும். ஏன் செத்தது என்று கேட்காது. எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவன் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்வான். கன்டெய்னருக்கு உள்ளே எதையும் எழுதி வைக்காதே. அது செத்தால் எழுதியதும் அதோடு போகும். வேண்டியதை வெளியே, வால்யூமில் வை. வால்யூம் என்பது சுவரில் அடித்த அலமாரி, ஆள் மாறினாலும் அது அங்கேயே இருக்கும். இதை அவன் வீட்டிலும் சொன்னான். பாத்திரச் செயலிக்கு வால்யூம் போட்டாயா, போட்டாயா என்று சாப்பாட்டின் நடுவே கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினான்.

"போட்டாச்சு சார். வாய மூடிட்டுச் சாப்பிடறீங்களா?" என்றாள் ஒருநாள்.

இப்போது பழைய கிளஸ்டரைக் கலைக்கிறார்கள். புதிய மெஷின்கள் வந்துவிட்டன. எல்லாச் செயலிகளும் இடம் மாறவேண்டும், மாறாதவை போகும். மாற்றும் பொறுப்பு அவனுக்கு. சம்பளப் பட்டியல், நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள், வாடிக்கையாளர் புகார்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நகர்த்தினான். பெரியதெல்லாம் முனகாமல் போய்ச் சேர்ந்தது. கடைசியில் இது மட்டும் நின்றது.

அன்று காலையில் அக்கா கூப்பிட்டாள். ஒரு பெண்ணைப் பற்றி மூன்றாவது முறையாகச் சொன்னாள். அந்தப் பெண்ணும் கஷ்டப்பட்டவள்தான், பேச்சு அளவாக இருக்கும், ஒரு தடவை வந்து பார்த்தால் தலையில் இருக்கும் கிரீடம் இறங்கிவிடுமா என்றாள். வேலை இருக்கிறது, மெஷின் மாற்றுகிறோம் என்றான்.

"மெஷினையெல்லாம் வேற எடத்துக்கு மாத்தற. நீ எப்பதாண்டா மாறப்போற?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

பாத்திரச் செயலியின் வால்யூமைத் திறக்காமலேயே நகல் எடுத்தான். மற்றவை ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே இருப்பது சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மாற்றியிருந்தான். இதை மட்டும் மூடி திறக்காமல் தூக்கிக்கொண்டு போனான்.

இன்னொரு விதியையும் மீறினான். புதியது நிமிர்ந்து நிற்கும்வரை பழையதை நிறுத்தக்கூடாது, இரண்டும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடட்டும் என்பது அவனே போட்ட விதி. ஆனால் இரண்டும் ஓடினால் ஒரே மாலையில் இரண்டு வரி செலவாகும். ஒரு வரியைக்கூட வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை. பழையதை நிறுத்தினான். அவள் கடைசியாக ஏற்றிவிட்ட நாளிலிருந்து ஒருமுறைகூட விழாமல் ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னர், சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து மறைந்தது.

புதிய கிளஸ்டர் அதைச் சேர்க்க மறுத்தது. 'காத்திருக்கிறது' என்றே காட்டியது. எந்தப் பிரிவுடையது என்று அடையாளம் இல்லை, இடமில்லை. தன் பிரிவின் பெயரைப் போட்டான். நினைவகம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லவில்லை, இடமில்லை. சொன்னான். முக்கியத்துவம் என்ன என்று கேட்டது. பாத்திரம் தேய்ப்பதற்கு என்ன முக்கியத்துவம் கேட்க முடியும்? கடைநிலை என்று போட்டான். ஷெட்யூலர் ஓரமாக ஒரு மெஷினில் இடம் கொடுத்தது. பச்சை விளக்கு எரிந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

மாலை பஸ்ஸில் செய்தி வந்தது.

'இன்று மேனேஜர் முறை. இங்கே ஏதாவது எழுதவும்.'

முதலில் அதையும் அவள் குறும்பு என்றே நினைத்தான். பிறகு மறுபடி படித்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினான். நடைபாதையில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து வால்யூமுக்குள் போனான். காலி. தனிச் சேமிப்பில் இன்னும் அழியாமல் இருந்த பழைய வால்யூமைப் பார்த்தான். அதுவும் காலி. எப்போதுமே காலியாக இருந்திருக்கிறது. அவள் எழுதிய நிரலைத் திறந்தான். பஸ்ஸில் வந்தது, வரி எதுவும் இல்லாதபோது அனுப்ப அவள் போட்டிருந்த மாதிரி வரி. அவனுடைய தொல்லை தாங்காமல் வால்யூமை மாட்டியிருக்கிறாள். ஆனால் வரிகளை இனிமேல் அங்கே வை என்று செயலியிடம் சொல்ல மறந்திருக்கிறாள். அது பழைய பழக்கத்தில் கன்டெய்னருக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அலமாரி வாங்கி மாட்டியாயிற்று, துணியெல்லாம் கட்டில் மேலேயே. வீட்டிலும் அவள் அப்படித்தான்.

அலுவலகத்துக்குத் திரும்ப ஓடினான். மெஷின் அறையைப் பார்த்துக்கொள்பவனை எல்லோரும் ஸ்வெட்டர் என்று கூப்பிடுவார்கள். அந்தக் குளிரில் வேலை பார்த்துப் பார்த்து, வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டான். பழைய மெஷின்கள் கதவோரம் அடுக்கிக் கிடந்தன. மேலே இருந்ததைக் காட்டி, அதில் ஓடிய ஒரு கன்டெய்னரின் மிச்சம் ஏதாவது ஹார்ட் டிஸ்கில் கிடக்குமா, தோண்டி எடுக்க முடியுமா என்று கேட்டான். குரல் நிதானமாகத்தான் வந்தது.

ஸ்வெட்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தான்.

"மத்தியானமே அழிச்சாச்சு சார். நீங்கதான சொன்னீங்க, பேஷண்ட் விவரம் இருக்கு, காலி ஆனதும் தொடச்சிடு, ஒரு எழுத்து மிஞ்சக்கூடாதுன்னு."

"ஆமா."

"அதுவும் மேல மேல எழுதி அழிச்சேன். சொன்னபடியே." அவன் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். "ஏன் சார்? முக்கியமானதா?"

"கடைநிலை" என்றான்.

ஸ்வெட்டர் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். பிறகு என்னவோ தோன்றி, டீ குடிக்கலாமா சார் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகும் செய்தி வந்துகொண்டிருந்தது. இன்று சார் முறை, இங்கே ஏதாவது எழுதவும். இன்று மேனேஜர் முறை, இங்கே ஏதாவது எழுதவும். ஒருநாள் தாங்காமல் கன்டெய்னரைக் கொன்றான். சொல்லிவைத்தாற்போல் இன்னொன்று எழுந்து நின்றது, அதே பச்சை விளக்கோடு. இன்னொரு நாள் எழுதுகிற இடத்தைத் திறந்து, தானே ஏதாவது எழுதலாமா என்று உட்கார்ந்து பார்த்தான். அவளைப்போல ஒரு வரி. குக்கர் மூடி தவிர ஒன்றும் வரவில்லை. மூடிவிட்டான்.

மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலுக்கு நிறைய இடம் தேவைப்பட்டது. ஷெட்யூலர் சுற்றிலும் பார்த்தது, ஓரத்தில் இருந்த கடைநிலையைப் பிடித்து வெளியே தள்ளியது. திரையில் பாத்திரச் செயலிக்கு நேராக மறுபடியும் அந்தச் சொல்: காத்திருக்கிறது. முக்கியத்துவத்தை ஒரு படி உயர்த்தினால் போதும், உள்ளே வந்துவிடும். விரல் விசைமேல் இருந்தது. அவனுக்குப் பின்னால் யாரோ, சம்பளம் ஏறிடுச்சா தலைவா என்று கேட்டார்கள். ஏறிவிட்டது என்றான். திரையை மூடினான்.

வீட்டுக்கு வந்தபோது அக்காவின் அழைப்பு இரண்டு தவறியிருந்தது. வேறு செய்தி எதுவும் வரவில்லை. தொட்டியில் நேற்றைய தட்டும் இன்று காலைத் தட்டும் கிடந்தன. யாருடைய முறை என்று தெரியவில்லை. ஒரு டம்ளரை மட்டும் அலசித் தண்ணீர் குடித்துவிட்டு, அதையும் தொட்டியில் வைத்தான்.