மெழுகில் ஒரு தெற்றுப்பல்

...இப்போது கதவு திறக்கும், டாக்டரம்மா தலையை நீட்டி, சார் ஒரு நிமிஷம் உள்ள வாங்க என்பாள், எதற்கென்று கேட்கவே வேண்டாம், மேல்வரிசையில் வலப்பக்கம் ஒரு பல் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே, இது என்ன சார் கூத்து என்பாள்... சொல்லட்டும், தாராளமாகச் சொல்லட்டும், பல்செட் கட்டிக் கட்டியே தலை நரைத்தவனுக்கு ஒரு பல் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாதா என்ன, தெரிந்தேதான் கோணலாக வைத்தான், நேற்று பட்டறையில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, மெழுகைச் சூடாக்கி, திருகி, தள்ளி நின்று பார்த்து, மறுபடியும் ஒரு நூல் திருகி. ஏன் வைத்தாய் என்று கேட்டால்? அக்காவுக்கு அங்கே ஒரு தெற்றுப்பல் இருந்தது, அவள் சிரித்தால் அதுதான் முதலில் வெளியே வரும், அது இல்லாவிட்டால் அவள் முகமே இல்லை என்று சொல்லலாம், சொல்ல வாய் வருமா, வராது, இந்த வாயிலிருந்து அப்படியெல்லாம் ஒரு வாக்கியம் வந்து எத்தனை காலம் ஆயிற்று. அதுவும் சாட்சிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது, பழைய படங்கள் எல்லாவற்றிலும் அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு எதையோ விழுங்கிவிட்டவள் போல நிற்கிறாள், ஞாபகத்தை மட்டும் நம்பி வைத்த பல் அது.

பல் ஆஸ்பத்திரியில், அக்கா உள்ளே செட்டைப் போட்டுப் பார்க்க, வெளியே இந்தப் பெஞ்சில் இதற்குமுன் அவன் உட்கார்ந்ததே இல்லை. அச்சு வரும், முதலில் மெழுகில் பல் நிறுத்தி வாயில் போட்டுப் பார்க்க அனுப்புவான், சரியென்று திரும்பி வந்தால் கெட்டியாகக் கட்டி, பெட்டியில் போட்டு அனுப்புவான், அது யார் வாய்க்குள் போனால் அவனுக்கென்ன. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவன் மேஜையில் மெழுகில் நின்றுவிட்டுப் போனதுதான், அதனால்தானோ என்னவோ யார் சிரித்தாலும் அவனுக்கு நம்பிக்கை வருவதில்லை, ஆமாமா, அளவெடுத்துச் செய்த சிரிப்பு என்று மனசுக்குள் ஒரு குரல் நொடித்துக்கொள்ளும். மனைவி போனதும் சிரித்த முகமாகத்தான், சண்டையில்லை சத்தமில்லை, உங்களோட இருந்திருந்து எதுவுமே நல்லா நடக்காதுன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுடுச்சு, அவ்வளவுதான் சொன்னாள், பையைத் தூக்கிக்கொண்டாள், வாசல்வரை கொண்டுபோய் விட்டதுகூட அவன்தான்! அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில், பார்க்கலாம். அவன் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம், எல்லோருக்கும் தெரியும், பட்டறையில் அடுத்த மேஜைக்காரி அதற்காகவே அவனுக்கு முசுடு என்று பெயர் வைத்திருக்கிறாள், முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் அவள் ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும், அவளுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் ரேடியோ.

அக்கா அப்படியில்லை. ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வண்டி எப்போ வரும், ஏன் இன்னும் வரலை என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊரே கத்திக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள், வந்த கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஆள் நகருவான். வண்டி வராததுக்கு எதுக்கு நீ சிரிக்கறே என்று ஒருநாள் கேட்டான், வண்டிதான் வரலை, நானாவது சிரிக்கறேனேடா என்றாள். அவளுக்குப் போய் ஈறு கெட்டு, ஒன்றொன்றாக ஆடி, எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாகி... இப்போது கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறாள், பேசும்போது கை தானாக வாய்க்கு ஏறிவிடுகிறது, லீவுக்கு மேல் லீவு, திங்கட்கிழமை போயே ஆகவேண்டும், போன வாரம் சொல்லிவிட்டாள், வேலையை விட்டுடறேன்டா, இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஜன்னல்ல உட்கார முடியாது. புது செட் போட்டா சரியாயிடும் என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். அவன் என்ன சொன்னான்? பார்க்கலாம். அட மடையா, பெற்ற தாய் மாதிரி உன்னைத் தூக்கி வளர்த்தவளிடம் பேசுகிற பேச்சா அது.

போன் அடித்தது, ரேடியோ. சார், நீங்க கிளம்பின அவசரத்துல சொல்ல விட்டுப்போச்சு, அந்த வலப்பக்கத்துப் பல்லு ஒண்ணு ஏறிக்கிட்டு நின்னுச்சு, காலைல பெட்டியில வைக்கறப்ப நானே சூடு காட்டி நேராக்கிட்டேன், உங்க அக்காவுக்குப் போறது, கோணலாப் போனா நல்லாவா இருக்கும், தயவுசெஞ்சு கண்ணாடியை மாத்துங்க சார்... வேறு எந்த நாளாக இருந்தாலும், பார்த்தாயா, எதைச் செய்தாலும் கடைசியில் இப்படித்தான் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்து கால்மேல் கால் போட்டு உட்காரும், அதை எங்கே காணோம்? திட்டலாம் என்றால் வாய் வரவில்லை, பாவம், உங்க அக்காவுக்குப் போறது என்கிறாளே, அவளுக்கும் அதுதானே காரணம், ஊருக்கெல்லாம் செய்கிற வேலையில் இல்லாத அக்கறையை இதில் காட்டியிருக்கிறாள்... சரி, வந்து பேசறேன் என்று வைத்தான். டாக்டரம்மா கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு அவனே உள்ளே போய்விட்டான்.

அக்கா அந்தப் பெரிய நாற்காலியில், கழுத்தில் துண்டுடன், கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள், கை வாயின் மேல். செட் அருமையா உட்கார்ந்திருக்கு சார், அம்மாதான் பேசவே மாட்டேங்கிறாங்க என்றாள் டாக்டரம்மா. அக்கா கைக்குப் பின்னாலிருந்து, நல்லாத்தான்டா இருக்கு என்றாள், யாரோ ஒருத்தி மாதிரி இருக்கேன், பரவாயில்ல, நீ என்ன பண்ணுவே. அந்தப் பரவாயில்லை அவனை என்னவோ செய்தது. கழட்டிக் குடு இங்கே என்றான். ஸ்பிரிட் விளக்கு எங்கேம்மா, கத்தி எங்கேம்மா என்று ஓர் அதட்டல், அவள் டாக்டர் என்பதே மறந்துவிட்டது. மெழுகு இளகியதும் பல்லைத் திருகி, ஒரு நூல் முன்னால் இழுத்து, ஆறவைத்து, போட்டுப் பாரு என்றான். பிடிக்கவில்லை என்றால்? அவள் அந்தப் பல்லை வெறுத்திருந்தால்? ஒருநாளாவது கேட்டிருக்கிறானா?

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடியும் கண்ணாடியை. பிறகு தோள் குலுங்கியது, ஐயோ அழுகிறாளா என்று அவன் பதறி ஓரடி முன்னால் வைப்பதற்குள், அடேய், அடேய் என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், எனக்கு இடப்பக்கம்டா! வலப்பக்கம் உன்னோடது! நம்ம ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்கவெச்சு அம்மா சொல்லுவாளே, ஜன்னலுக்கு ரெண்டு கதவுன்னு, அதுகூடவா மறந்துட்டே... ஐயோ, மெழுகும்மா, ரொம்பச் சிரிக்காதீங்க, விழுந்துடும் என்று டாக்டரம்மா கத்துகிறாள், கத்திக்கொண்டே அவளும் சிரிக்கிறாள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது, குடு, மாத்திடறேன் என்று கையை நீட்டினான். தொட்டே, கொன்னுடுவேன் என்றாள் அக்கா, இருக்கட்டும்டா, நீதான் சிரிக்கறதே இல்லையே, அது சும்மா கிடக்கறதுக்கு நானாவது போட்டுச் சிரிக்கறேன். ஒரு கையில் கண்ணாடி, இன்னொரு கையில் அவன் மணிக்கட்டு, வாயை மூட அவளுக்கு மூன்றாவது கை இல்லை. திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சுடுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், முடிச்சுடறேன்க்கா என்று வந்தது.

வெயில் பட்டால் மெழுகு இளகும், பெட்டியைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு நிழல் பார்த்து நிழல் பார்த்து நடந்தான், எதிரே வருகிறவனெல்லாம் இடித்துவிடுவான் போலிருந்தது, ஏய் பார்த்துப் போப்பா என்று ஒருவனை அதட்டக்கூடச் செய்தான். வாயை மூடியபடியே நாக்கால் வலப்பக்கம் தடவிப் பார்த்தான்... இருந்தது. தினமும் தேய்க்கிற பல், மீசைக்கு அடியில் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறிக்கொண்டு அது பாட்டுக்கு இருந்திருக்கிறது, ஊர் வாயெல்லாம் மனப்பாடம், தன் வாய் மட்டும் எப்படி மறந்தது? அக்காவின் முகம் என்று நினைத்து இத்தனை நாள் யாருடைய சிரிப்பைத் தேடிக்கொண்டிருந்தான்? பட்டறை வாசல் வந்துவிட்டது, உள்ளே ரேடியோ யாரிடமோ எதற்கோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்ததும் கேட்பாள், ஏன் சார் திரும்பவும் கோணலா இருக்கு என்று, முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும், இடப்பக்கம் வலப்பக்கம், ஜன்னல் கதவு, எல்லாம்... அதைச் சிரிக்காமல் சொன்னால் கதையே இல்லை. வருமா? நாக்கை அந்தப் பல்லின் மேலேயே வைத்தபடி, முழங்கையால் கதவைத் தள்ளினான்.