குப்பைமேட்டுக்கு ஒரு சால்வை

கிராமசபைக் கூட்டத்துக்கு மோகன்குமார் சலவை வேட்டியில் வந்தார். அவருக்கு முன்வரிசையில் நாற்காலி. காலனிப் பெண்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவருடைய ஏரிக்கரை நிலத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் இருந்தது. குப்பை கொட்ட அதை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். பள்ளம் மேடானது. கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது. மழையில் மேட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் இறங்கியது. காலனியின் போர்வெல் தண்ணீர் நாறியது. அரசாங்கமே மேட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்திரமேரூர் ரோட்டில் மறியல் நடந்தது. முன்னால் நின்றவர் மோகன்குமார்தான். போன மாதம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஊரே பட்டாசு வெடித்தது.

ஊராட்சித் தலைவர் வரதன் இன்று அவருக்குச் சால்வை போர்த்தினார்.

"அந்தச் சனியன நம்ம தலயிலேர்ந்து எறக்கினதே மோகன்தான்!"

கை தட்டினார்கள். மோகன்குமார் கும்பிட்டார்.

திலகா எழுந்தாள். மோகன்குமாரின் கழனியில் நடவுக்குப் போகிறவள்.

"தலைவரே, எங்க தெருவுக்குத் தண்ணி டேங்க் கட்றேன்னீங்களே, இன்னா ஆச்சு?"

வரதன் மைக்கை நகர்த்தினார். "இந்த வருசம் இல்லம்மா. அந்தப் பணம் குப்பமேட்டுக்குப் போவுது. கறுப்புத் தண்ணிய லாரில எடுக்கணும், மேல மண்ணு மூடணும். சர்க்கார் எடுத்துக்கிச்சு இல்ல?"

"அடுத்த வருசம்?"

"அப்பவும் செலவு கீது."

"திலகாவுக்கும் ஒரு சால்வ போடுங்கப்பா, உக்காந்துக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

"எனக்கு வாணாம்" என்றாள் திலகா. "கம்பெனிக்காரன் லாபத்த எடுத்துக்கினு பூட்டான். மோகன்ணா குத்தகைய வாங்கிக்கினாரு. நாத்தம் எங்களுக்கு. இப்ப அத்த வார்ற கூலியும் எங்க டேங்க்லேர்ந்தா? இது தெரியாம நானும் ஒரு சரம் வாங்கிக் கொளுத்தினேன்."

சிரிப்பு நின்றது.

டீ வந்தது. "கேன் தண்ணில போட்டது, பயப்படாம குடிங்க" என்றபடி டீக்கடைக்காரர் மோகன்குமாருக்கு முதலில் நீட்டினார். அவர் வாங்கவில்லை. சால்வையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடித்தார். பிரித்து மறுபடியும் மடித்தார்.

"தலைவரே" என்றார். "செலவ கம்பெனிதான் கட்டணும்னு தீர்மானம் போடுங்க. நெலம் குடுத்த என் பேரையும் சேத்து எழுதுங்க. டேங்க் வர்ற வரைக்கும் என் மேக்கால கயனி போர்லேர்ந்து அவங்க தெருவுக்குத் தண்ணி வுடறேன்."

மோகன்குமார் எழுந்து சால்வையை நாற்காலியில் வைத்தார்.

"சர்க்கார் எடுத்துக்கினா நம்ம தலயிலேர்ந்து எறங்கிடும்னு நெனச்சேன். எறங்கல. குப்பையில சம்பாரிச்சவன் தலயிலேர்ந்து இல்லாதவங்க தலைக்கு மாறிச்சு, அவ்ளோதான். மாத்தி வச்சவன் நான்."

யாரும் கை தட்டவில்லை.

"பைப்பு என்னிக்குப் போடுவீங்க?" என்று கேட்டாள் திலகா.

"நாளைக்கு" என்றார் மோகன்குமார், தரையைப் பார்த்து.